சாடோவுக்கு எதிரே எழுதாத பத்தி

1689ஆம் ஆண்டு. பழைய ஜப்பானியப் பஞ்சாங்கப்படி ஏழாம் மாதம், இலையுதிர்காலத்தின் தொடக்கம். மேற்குக் கடற்கரையில் இசுமோசாகி என்ற துறைமுக ஊரில் கவிஞர் மத்சுவோ பாஷோ ஓர் இரவு தங்குகிறார். எதிரே கடல், அதற்கு அப்பால் சாடோ தீவு. கொந்தளிக்கும் கடலையும் தீவையும் ஆகாய கங்கையையும் ஒரே மூச்சில் வைத்து அவர் எழுதிய கவிதை பின்னாளில் பெரும்புகழ் பெற்றது. கவிதை ஒன்றுதான். ஆனால் அதன் முன்னால் நிற்கும் உரைநடை இரண்டு விதமாக நமக்குக் கிடைக்கிறது. ஹைபுன் என்ற ஜப்பானிய உரைநடை வடிவத்தை எழுதப் பழகுகிறவருக்கு இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதைவிட நல்ல பாடம் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

முதலாவது, 'கிங்கா நோ ஜோ' என்ற தனிப்படைப்பு. 'ஆகாய கங்கைக்கு முன்னுரை' என்று பெயர்க்கலாம். சாடோ பொன் விளையும் தீவு என்கிறார் பாஷோ. அவ்வளவு வளமிருந்தும், குற்றவாளிகளையும் அரசுக்கு ஆகாதவர்களையும் நாடு கடத்திய இடம் என்பதால் பெயரைக் கேட்டாலே அச்சம் தரும் தீவாகிவிட்டதே என்று வருந்துகிறார். அது வெறும் அலங்காரமல்ல. 1221இல் ஜுந்தொகு என்ற பேரரசர், 1271இல் பௌத்தத் துறவி நிச்சிரென், 1434இல் நோ நாடகத்தின் பேராசான் ஸெயாமி என்று பலர் அங்கே அனுப்பப்பட்டார்கள். பிறகு சன்னலைத் திறக்கிறார். சூரியன் கடலில் இறங்கிவிட்டது, நிலா மங்கிக் கிடக்கிறது, வானத்தின் நடுவில் ஆகாய கங்கை. அலையோசை நெஞ்சைப் பிளக்கிறது, தூக்கம் வரவில்லை, அங்கியின் கை கண்ணீரில் நனைகிறது. அதன்பிறகு கவிதை.

இரண்டாவது, 'ஓகு நோ ஹொசோமிச்சி' என்ற அவருடைய பெரிய பயண நூல். உள்நாட்டுக்குப் போகும் ஒடுங்கிய பாதை என்று பொருள். அதில் இந்தக் கவிதை வரும் இடத்தில் பாஷோ சொல்வது இவ்வளவுதான்: ஒன்பது நாள் வெயிலும் மழையும் அலைக்கழித்தன, நோய் வந்தது, ஒன்றும் எழுதவில்லை. பொன் இல்லை, நாடுகடத்தல் இல்லை, கண்ணீர் இல்லை. சாடோ என்ற பெயரே உரைநடையில் இல்லை; கவிதையில்தான் முதன்முதலாக வருகிறது. அதற்கு முன்னால் இன்னொரு சிறு கவிதை மட்டும் நிற்கிறது. அது ஏழாம் மாதத்து ஆறாம் நாள் இரவைப் பற்றியது. மறுநாள் தானாபதா திருவிழா. ஆகாய கங்கையின் இரு கரைகளில் பிரிந்து நிற்கும் இரண்டு விண்மீன்கள் ஆண்டுக்கு ஒருமுறை சேரும் இரவு அது. கதை தெரிந்த வாசகர் ஒரு கவிதையிலிருந்து அடுத்ததற்குப் போகும்போதே பிரிவு என்ற உணர்வை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார். தீவின் வரலாறும் அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்த இரண்டையும் பாஷோ வாய்திறந்து சொல்லவில்லை.

எது மேல்? முதலாவது தனியாக நிற்கக்கூடிய, முழுமையான, உருக்கமான படைப்பு. என் வாக்கு இரண்டாவதற்கு. முதலாவதில் கவிதை முத்தாய்ப்பு. உரைநடை ஏற்கெனவே அழுது முடித்துவிட்டது, கவிதை கண்ணைத் துடைத்துக்கொள்கிறது. இரண்டாவதில் களைத்துப்போன ஒரு மனிதர் எதுவும் சொல்ல முடியாமல் படுத்திருக்கிறார். திடீரென்று கடல் திறக்கிறது.

*

'ஹைபுன்' என்ற சொல்லைப் பிரித்தால் 'ஹைகாய்' உணர்வில் எழுதிய 'புன்', அதாவது உரைநடை. ஹைகாய் என்பது பலர் கூடி அடி அடியாகத் தொடுத்த தொடர்கவிதை. அதன் முதல் கண்ணி ஹொக்கு. அந்த முதல் கண்ணியைத் தனிக் கவிதையாகப் பிரித்து அதற்கு ஹைக்கூ என்ற பெயரை நிலைநிறுத்தியவர் மசாவோகா ஷிகி. அது 1890களில்தான். பாஷோ எழுதியதை ஹைக்கூ என்று நாம் சொல்வது பழக்கத்தால்.

உரைநடையும் ஹைக்கூவும் கலந்தால் ஹைபுன் என்று பயிற்சி நூல்கள் சூத்திரம் தருகின்றன. தொடங்குகிறவருக்கு அது போதும், ஆனால் முழு உண்மை அல்ல. ஓவாரிப் பகுதியின் சாமுராயான யோகோய் யாயூ (1702–1783) ஹைபுன் எழுதியவர்களில் தலைசிறந்தவர்களுள் ஒருவர். 'உசுராகொரொமோ' என்ற அவருடைய தொகுப்பில் பூச்சிகளைப் பற்றியும் முதுமையைப் பற்றியும் குறும்பும் கல்வியும் கலந்த கட்டுரைகள் உண்டு. அவற்றில் பலவற்றில் ஹொக்குவே கிடையாது. அப்படியானால் ஹைபுனை ஹைபுன் ஆக்குவது கடைசியில் ஒட்டும் மூன்று அடிகள் அல்ல. உரைநடையே கவிதையைப் போலத் தாவ வேண்டும், விட்டுச் சொல்ல வேண்டும், உயர்ந்ததையும் அற்பமானதையும் ஒரே பாயில் உட்கார வைக்க வேண்டும்.

பாஷோவே இதைப் பற்றிச் சொன்னதாக அவருடைய மாணவர் க்யொராய் எழுதி வைத்திருக்கிறார். சாரம் இது: இக்காலத்து ஹைகாய் உரைநடையைப் பார்த்தால், சிலர் சீன நடையைக் கரைத்து எழுதுகிறார்கள், சிலர் பழைய வாகா கவிதை நடைக்குள் சீனச் சொற்களைச் சொருகுகிறார்கள், சிலர் மனித உணர்ச்சியை எழுதுகிறேன் என்று நாவலாசிரியர் சாய்காகுவைப் போல மலிவாக இறங்கிவிடுகிறார்கள். நம்மவர் எழுத்துக்குத் தெளிவான நோக்கம் வேண்டும், சொல் எங்கிருந்து வந்தாலும் ஓட்டம் தடைப்படக் கூடாது, பொருள் எவ்வளவு எளியதானாலும் சொல்லும் விதத்தில் நேசம் இருக்க வேண்டும். போகிற போக்கில் சாய்காகுவுக்கு விழும் அடியை நான் ரசிக்கிறேன். ஒரே தலைமுறை, ஒரே ஹைகாய் மரபிலிருந்து புறப்பட்ட இருவர். எல்லாவற்றையும் கொட்டுகிறவர் மேல் மறைத்து வைப்பவருக்கு எரிச்சல்.

கொள்கையோடு நின்றவர் அல்ல பாஷோ. 1690இல் பிவா ஏரிக்குத் தெற்கே, இஷியாமாவுக்குப் பின்னாலுள்ள குன்றில், கென்ஜூ ஆன் என்ற குடிலில் சில மாதங்கள் தங்கினார். ஒரு மாணவருடைய மாமா விட்டுச்சென்ற குடில் அது. அங்கே எழுதிய 'கென்ஜூ ஆன் நோ கி' சில பக்கங்களுக்குள் அடங்கிவிடும். ஆனால் அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வரைவுகள் கிடைத்திருக்கின்றன. க்யொராய்க்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார், மாற்றினார், திரும்ப மாற்றினார். 1691இல் வந்த 'சருமினோ' தொகுப்பில் அது அச்சேறியது. காமோ நோ சோமெய் 1212இல் எழுதிய 'ஹோஜோகி' என்ற குடில்கட்டுரையை நிழலாகப் பின்னால் வைத்துக்கொண்டு, கோயில், மலை, ஏரி, அக்கம்பக்கத்துக் கிழவர்களின் காட்டுப்பன்றிப் பேச்சு என்று போய், கடைசியில் தன் வாழ்க்கைக் கணக்கைப் பார்க்கிறார். அரசு உத்தியோகத்தின் மீது ஆசைப்பட்டதுண்டு, துறவுக்குப் போக நினைத்ததுண்டு, இரண்டும் கைகூடாமல் இந்த ஒற்றை இழையைப் பிடித்துக்கொண்டே காலம் போய்விட்டது என்கிறார். இதற்குப் பிறகு வரும் ஹொக்கு வாழ்க்கையைப் பற்றியதல்ல. கோடைத் தோப்பில் நிற்கும் ஒரு மரத்தைப் பற்றியது.

மரத்துக்கும் வாழ்க்கைக் கணக்குக்கும் என்ன உறவு? ஹைகாய் தொடர்கவிதைக்காரர்கள் இதற்குச் சொல் வைத்திருந்தார்கள். முன் அடியில் வந்த பொருளோடு வழக்கமாகச் சேர்த்துச் சொல்லப்படும் சொல்லைப் பிடித்து அடுத்த அடியைக் கட்டுவது ஒரு வகை. முன் அடியின் பொருளைத் தொடர்ந்து கட்டுவது இன்னொன்று. பாஷோ மரபு விரும்பியது மூன்றாவது: 'நியோய்', அதாவது மணம். முன் அடியில் உள்ள எதையும் தொடாமல், அதன் மணம் மட்டும் அடுத்த அடியில் வீசினால் போதும். ஹைபுனில் உரைநடைக்கும் ஹொக்குவுக்கும் நடுவே இருக்கும் வெற்று வரி இந்த மணம் போக வேண்டிய இடம். உரைநடை சொன்னதையே கவிதை மறுபடி சொன்னால் அந்த இடம் அடைபடும். சம்பந்தமே இல்லாத கவிதை வந்தால் மணம் வழியிலேயே கரைந்துவிடும்.

புறநானூற்றுப் பாடலுக்குக் கீழே, இன்னாரை இன்னார் இந்த நேரத்தில் பாடியது என்று பழைய தொகுப்பாளர் எழுதிய குறிப்பு இருக்கும். ஜப்பானியக் கவிதைக்கும் அப்படியொரு முன்குறிப்பு மரபு உண்டு. ஹைபுன் முளைத்த நிலங்களில் அதுவும் ஒன்று. ஆனால் குறிப்பு கவிதைக்கு வேலைக்காரன், விளக்கிவிட்டு ஒதுங்கிவிடும். ஹைபுன் உரைநடை அப்படி ஒதுங்குவதில்லை.

*

விட்டுவிடுவது மட்டுமல்ல, மாற்றியும் எழுதினார் பாஷோ. இது சிலருக்கு அதிர்ச்சியாக இருந்தது. அவரோடு நடந்த மாணவர் சோரா வழிநெடுக நாட்குறிப்பு எழுதினார். தேதி, தூரம், வானிலை, யார் வீட்டில் தங்கினோம் என்ற கறாரான பதிவு. 1943இல் அது அச்சில் வந்தபோது, இரண்டரை நூற்றாண்டாக உண்மைப் பயணமாகப் படிக்கப்பட்ட நூலின் பல இடங்கள் ஆட்டம் கண்டன. புறப்பட்ட தேதியே இரண்டிலும் வேறு. வழி தவறி இஷினொமாகி போய்ச் சேர்ந்தோம், தங்க இடம் கிடைக்கவில்லை என்று பாஷோ எழுதுகிறார். வழியில் சந்தித்த ஒருவர் உதவியால் தங்க ஏற்பாடானது சோராவின் குறிப்பில் இருக்கிறது. இசுமோசாகியில் ஆகாய கங்கை தெரிந்ததாகச் சொல்லப்படும் அந்த இரவில் பலத்த மழை என்கிறது நாட்குறிப்பு. மிகவும் சுவையானது இச்சிபுரி அத்தியாயம். சத்திரத்தில் பக்கத்து அறையில் இரண்டு கணிகையர் தங்குகிறார்கள், மறுநாள் துணைக்கு வரட்டுமா என்று கேட்கிறார்கள், பாஷோ மறுத்துவிட்டு வருந்துகிறார். தன் கவிதையைச் சோராவிடம் சொன்னதாகவும் அவர் அதை எழுதிக்கொண்டதாகவும் பாஷோ முடிக்கிறார். சோராவின் நாட்குறிப்பில் கணிகையரும் இல்லை, கவிதையும் இல்லை.

பொய் சொன்னார் என்று இதைப் படிப்பது வீண். சுமார் 2,400 கிலோமீட்டர், 150 நாள் பயணம் 1689இல் முடிந்தது. நூலை 1694இல், தன் இறப்புக்குச் சிறிது முன்னால்தான் முடித்தார். அச்சில் வந்தது 1702இல். இடைப்பட்ட ஆண்டுகள் முழுவதும் திருத்தத்தில் போயின. 1996இல் வெளிச்சத்துக்கு வந்த ஒரு கைப்பிரதி பாஷோ தன் கையால் எழுதியது என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். எழுதியதன் மேல் துண்டுத் தாள் ஒட்டி மாற்றி எழுதிய இடங்கள் அதில் ஏராளம். நடந்ததை எழுதுவதற்கு இவ்வளவு பசை தேவைப்படாது. மத்சுஷிமா இன்னொரு சான்று. ஜப்பானின் மிக அழகான இடம் என்று நூல் நெடுக எதிர்பார்க்க வைத்து, அங்கே போனதும் செழிப்பான உரைநடை எழுதி, கவிதை வேண்டிய இடத்தில் சோராவின் கவிதையை வைத்துவிட்டுத் தூக்கம் வரவில்லை என்கிறார். அங்கே அவர் எழுதிய ஹொக்கு தனியாக உண்டு. அதை நூலில் சேர்க்கவில்லை.

மணம் மட்டும் வீச வேண்டும் என்ற விதியை இரும்புவிதியாகப் பிடித்துக்கொள்பவர்கள் கொபயாஷி இஸ்ஸாவைப் படிக்க வேண்டும். 1819ஆம் ஆண்டை வைத்து அவர் எழுதிய 'ஒரா கா ஹரு' நூலில், ஒரு வயதைத் தாண்டியதும் அம்மையில் இறந்துபோன மகள் சாத்தோ வருகிறாள். குழந்தை கை தட்டுவது, நாய் எங்கே என்றால் கை காட்டுவது, காற்றாடியைக் கேட்டு வாங்கிச் சப்பி எறிவது என்று பக்கம் பக்கமாக விளையாட்டு. பிறகு அம்மை, பிறகு இறப்பு. அதற்கு அடுத்து வரும் கவிதை தாவவே இல்லை. துக்கத்தின் மேலேயே நிற்கிறது. உலகம் பனித்துளி என்ற பௌத்த உபதேசத்தை ஏற்றுக்கொள்ளத் தொடங்கி, ஏற்க முடியாமல் பாதியில் தடுமாறி நின்றுவிடுகிறது. இங்கே வெற்று வரி உரைநடைக்கும் கவிதைக்கும் நடுவில் இல்லை, கவிதைக்குள் இருக்கிறது. இதைப் பார்த்து எழுதப் போனால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அழுகையில் விழுவோம் என்பதும் உண்மை.

மேற்கே போனபோது வடிவம் தன் விருப்பத்துக்கு மாறிக்கொண்டது. அமெரிக்கக் கவிஞர் ஜான் ஆஷ்பெரி 1984இல் வெளியிட்ட 'எ வேவ்' தொகுப்பில் ஆறு ஹைபுன்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரே வரி ஹைக்கூவில் முடிகிறது. ஜேம்ஸ் மெரில் தன் ஜப்பான் பயண உரைநடைக்குள் ஹைக்கூக்களை எதுகையோடு பதித்தார். ஆங்கிலத்தில் இன்று எழுதுபவர்கள் தலைப்பையும் கணக்கில் சேர்த்து, தலைப்பு, உரை, ஹைக்கூ மூன்றும் ஒன்றையொன்று இழுக்க வேண்டும் என்கிறார்கள். இந்தச் சேர்க்கை நல்ல சேர்க்கை.

*

தமிழில் எழுத உட்கார்ந்தபோது எனக்கு முதலில் இடித்தது இலக்கணம். ஜப்பானிய வினைச்சொல் யார் செய்தார் என்று காட்டாது. பாஷோவின் வாக்கியங்களில் நடப்பதும் களைப்பதும் நிகழ்கின்றன. நடப்பவர் பனிக்குள் மறைந்திருக்கிறார். தமிழில் 'நடந்தேன்' என்றதும் நான் வந்து நடுவில் நின்றுவிடுகிறேன். வாக்கியம் தவறாமல் வினைமுற்றில் போய் முடிகிறது. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் நான், நான், நான். தப்பிக்க வழிகள் நம்மிடமே உண்டு. பெயரில் முடியும் வாக்கியம் ஒன்று. 'ஆயிற்று' என்று செய்தவரை மறைக்கும் பேச்சுவழக்கு இன்னொன்று. பேச்சையே வைத்துவிட்டு யார் பேசினார் என்பதை விட்டுவிடலாம். இவற்றை அளவோடு பயன்படுத்த வேண்டும். மிஞ்சினால் தந்தி போலாகிவிடும்.

அடுத்தது அளவு. ஐந்து, ஏழு, ஐந்து என்பதை அசைக்கணக்கு என்று பலர் எழுதிவிட்டார்கள். ஜப்பானியர் எண்ணும் 'ஓன்' நம் அசையைவிட மாத்திரைக்கு நெருக்கமானது: குறில் ஒன்று, நெடில் இரண்டு. வேறுபாடு மெய்யில்தான். 'நிப்பொன்' என்ற சொல்லில் அவர்களுக்கு நான்கு ஓன், ஏனென்றால் இரட்டிக்கும் ஒலிக்கும் கடைசி மெய்க்கும் முழு அளவு உண்டு. நம் மெய்க்கு அரை மாத்திரை என்பதால் அதே சொல் நமக்கு மூன்று மாத்திரை. அந்தப் பதினேழில் தமிழில் நான்கைந்து சொற்களுக்கு மேல் நிற்காது. நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

மூன்றாவது இடர்ப்பாடு நம் பழக்கம். பாரதி 1916இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதினார். யோனே நொகுச்சியின் கருத்தை ஒட்டி, சுருங்கச் சொல்வதன் அழகை அவர் எடுத்துக்காட்டினார். பின்னால் வந்த தமிழ் ஹைக்கூ அந்தச் சுருக்கத்தைப் பிடித்துக்கொண்டு, மூன்றாம் அடியில் ஒரு திருப்பம், ஒரு சிலேடை, ஒரு சமூகக் குத்தல் என்று வளர்ந்தது. மேடையில் கைதட்டல் வாங்க அது நல்ல வடிவம். ஹைபுனில் அது விஷம். உரைநடை மெல்ல மெல்லக் கட்டியதை அந்தத் திருப்பம் ஒரே தட்டில் நகைச்சுவைத் துணுக்காக்கிவிடும்.

சொந்தத் தோல்வியைச் சொல்லாமல் இதைச் சொல்வது நியாயமில்லை. ஊரில் எங்கள் வீட்டுக் கிணற்றை மூடியதைப் பற்றி ஒரு ஹைபுன் எழுத முயன்றேன். முதல் வரைவின் உரைநடை ஒரு பக்கத்துக்கு மேல்: யார் வெட்டிய கிணறு, எத்தனை அடி, எந்தக் கோடையில் வற்றியது, போர் போட்டது எப்போது. கடைசி வாக்கியம் அம்மாவின் அழுகை. அதற்குக் கீழே கவிதை: கிணறு வற்றியது, அம்மாவின் கண்ணில் ஊறுகிறது. நான் மேலே திட்டிய எல்லாமும் அந்த மூன்றடியில் இருந்தது. இரண்டாம் வரைவில் அழுகையை வெட்டினேன். கவிதையில் சுவரோரம் சாத்திய ராட்டினம் வந்தது. அடக்கமான படம்தான், ஆனால் உரைநடையில் ஏற்கெனவே பார்த்துவிட்ட ராட்டினம். வாசகர் இரண்டாம் முறை ஏன் பார்க்க வேண்டும்?

பல மாதம் கழித்து, வரலாற்றை எல்லாம் எடுத்துவிட்டு, அன்றைய பகலில் காதில் விழுந்ததை மட்டும் வைத்துக்கொண்டேன். இப்போது இப்படி நிற்கிறது:

கிணற்றை மூட வெள்ளிக்கிழமை வேண்டாம் என்றாள் அம்மா. ஞாயிறு காலை டிராக்டர் வந்தது. ராட்டினத்தைக் கழற்றிச் சுவரோரம் சாத்தியாயிற்று. இடித்த வீட்டுக் கல், செங்கல் தூள். முதல் லோடுக்குத் தண்ணீர்ச் சத்தம். நான்காவதற்கு வெறும் தூசி. உள்ளேயிருந்து குரல்: 'எத்தனை லோடுப்பா ஆச்சு?' 'ஆறும்மா.'

தூறல் மாலை—
பக்கத்து வீட்டுக் குழந்தை
எண்ணப் பழகுகிறது

கவிதை பதினேழு மாத்திரையைத் தாண்டிவிட்டது. குழந்தை அன்றைக்கு எண்ணவில்லை. வேறொரு நாள், வேறொரு ஊரில் கேட்டது. சோரா கூட வந்திருந்தால் மாட்டிக்கொண்டிருப்பேன். 'லோடு' என்ற சொல்லை மாற்றச் சொன்னார்கள். டிராக்டர்காரரிடம் வேறு எந்தச் சொல்லில் கேட்பது?

தலைப்புதான் இன்னும் படியவில்லை. 'கிணறு' என்று வைத்தால் உரைநடை செய்வதைத் தலைப்பே செய்துவிடுகிறது. 'ஆறு லோடு' என்று வைத்து ஒரு நண்பரிடம் காட்டினேன். தண்ணீர் போனதைச் சொல்லும் எழுத்தில் 'ஆறு' என்று நதியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறீர்களே, பிரமாதம் என்றார். எனக்கு அதுவரை அது தோன்றவே இல்லை. அன்று மாலையே அந்தத் தலைப்பை அடித்துவிட்டேன்.